ஊதா நெய்

"கரண்டியை நான் கழுவித்தான் வச்சேன், நீ கத்தாத—"

"கழுவுனியா? இங்க வா. இந்தக் கிண்ணத்தைப் பாரு. இதுக்குப் பேரு—"

"பத்து தடவை தேய்ச்சேன்க்கா, சோப்புப் போட்டு, தேங்கா நார் போட்டு—"

"—கழுவுனதா? இது என்ன நெய்யா, இல்ல வாய்ப்புண்ணுக்கு அந்தக் காலத்துல தடவுவாங்களே, அந்த மருந்தா?"

"என்னைப் பேச விடுக்கா!"

"பேசு. நல்லாப் பேசு. பேசிக்கிட்டே இதை ஒரு வாய் குடி, பாக்குறேன்."

வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் நெய் ஊதாவாக நின்றது. நடுவில் கறுத்து, ஓரத்தில் வெளிறி. கதவில் இடித்துக்கொண்ட நகத்துக்கு அடியில் நாலாம் நாள் ரத்தம் கட்டி நிற்குமே, அந்த நிறம். மேலே ஓர் ஆடை படிந்துகொண்டு வந்தது. விரல் நுனியால் தொட்டேன். சுருங்கி விரலோடு ஒட்டி வந்தது. உருட்டினால் உருண்டது.

மெழுகு.

என் தங்கை விஜயராணி எங்கள் மாடியில் குடியிருக்கிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அறுபத்து மூன்று வயதில், போனில் வீடியோ பார்த்து மெழுகுவர்த்தி செய்யக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து மாடிப்படியில் கால் வைத்தாலே லாவண்டர் வாசனை மூக்கை அடைக்கும். அவளுடைய பத்து நகமும் பத்து நிறம். அந்தக் கையால் அவள் சோறு பிசைவதை நான் பார்க்க மாட்டேன், திரும்பிக்கொள்வேன்.

"என் தாளிப்புக் கரண்டியை எதுக்குடி எடுத்த?"

"நிறம் பாக்கத்தான். ஆசீர் சார் வீட்டுக்கு ஊதா மெழுகுவத்தி மூணு கேட்டிருக்காரு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வாரத்துக்கு ஒண்ணா ஏத்துவாங்களாம். வெளிர் ஊதாவா இருந்தா ஆகாதாம், நல்ல அழுத்தமா இருக்கணுமாம்."

"அதுக்கும் என் கரண்டிக்கும் என்ன சம்பந்தம்?"

"சாயத்தை மொத்தமா பானையில ஊத்திட்டா திரும்ப எடுக்க முடியாதுக்கா. ஒரு கரண்டி மெழுகை உருக்கி, அதுல ஒரு சொட்டு, ரெண்டு சொட்டுன்னு விட்டு, வெள்ளை டைல்ஸ் மேல ஊத்திப் பாக்கணும். சூட்டுல கருப்பாத் தெரியும், ஆறுனா வெளுத்துடும். மறுபடி ஒரு சொட்டு. உன் கரண்டி குழியாவும் இருக்கு, கைப்பிடியும் நீளம். சுடல."

"எத்தனை சொட்டு?"

"எண்ணல."

"ராணி."

"ஒரு முப்பது இருக்கும்."

"உனக்குக் கை சுடலங்கறதுக்காக என் அடுப்படியில விஷத்தைக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிட்ட."

"கழுவுன தண்ணி தெளிவாப் போச்சுக்கா, சத்தியமா. இது தண்ணியில கரையற சாயமில்ல. அதான் இதுல விசேஷம். மெழுகுல, எண்ணெயில மட்டும்தான்…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது.

"அப்ப தண்ணி விட்டுக் கழுவுனா?"

"போகாது."

"நெய்ய ஊத்திக் காய்ச்சுனா?"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பதில் அதில்தான் இருந்தது.

கரண்டி இரும்பு. நாற்பது வருஷம் தாளித்துத் தாளித்துக் கன்னங்கரேலென்று ஆனது. அதில் ஊதா ஒட்டியிருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? வெளியில் மழை மூடி, பகல் பதினொன்றரைக்கே அடுப்படி இருட்டாக இருந்தது.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு வருஷத் தெவசம். மகன் மாதவன் விடியற்காலையில் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் திதி கொடுத்து முடித்துவிட்டு, அவருடைய அக்காவை அழைத்துவரப் புத்தூர் போயிருந்தான். அண்ணி வள்ளிக்கண்ணு வருகிறார், எங்கள் வீட்டில் சாப்பிட. இதை வேறு வீட்டில் சொன்னால் இதில் என்ன என்பார்கள். பதினோரு வருஷமாக அண்ணி எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை.

காரணம் ஒரு முடி. மாமியார் கருமாதிப் பந்தியில், அண்ணி இலையில், கூட்டுக்குள் நீளமாக ஒரு நரைமுடி. அவர் அதை விரலில் சுற்றி எடுத்து, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"சமைச்சது யாரு?"

"நான்தான் அண்ணி. ஆனா எனக்கு இன்னும் நரைக்கல. உங்களோடதா இருக்கும்."

பந்தியே சிரித்தது. அண்ணி இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்றைக்குப் போனவர்தான். தம்பி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்க்க வந்தவர், எதிர்க்கடையில் டீ வாங்கி வாசலில் நின்று குடித்தார். உள்ளேயிருந்து இவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். "அக்கா இந்த வீட்டுல கை நனைக்காமலே நான் போயிடுவேன் போலிருக்கு, சுபா" என்றார். அப்படியே போனார்.

போன வாரம் அண்ணியே போன் செய்தார்.

"தம்பிக்கு வருஷம் திரும்புதாமே. வரேன். சாப்பிட்டுட்டுத்தான் போவேன். எழுபத்தாறு ஆச்சு, இந்தக் கோபத்தை எங்க கொண்டு போயி வைக்க?"

மூன்று நாளாகத் தலைமுடிக்குத் துணி கட்டிக்கொண்டு வீட்டைக் கழுவினேன். கீரையை இலை இலையாகத் திருப்பிப் பார்த்து ஆய்ந்தேன். அரிசியை நாலு தடவை புடைத்தேன். கடைசியில் என் தாளிப்புக் கரண்டியிலிருந்து வருகிறது இந்தக் கண்றாவி.

"சரி விடுக்கா. நெய்யைக் கொட்டிட்டுக் கடையில புது பாட்டில் வாங்கிக்கலாம். இலையில இன்னும் ஊத்தலயே, அதுவரைக்கும்…" என்ற ராணி திடீரென்று குரலைத் தாழ்த்தினாள். "முந்திரி எதுல வறுத்த?"

நான் அடுப்பு மேடைப் பக்கம் திரும்பினேன்.

"அக்கா. பாயசத்துக்கு முந்திரி எதுல வறுத்த?"

பாசிப்பருப்புப் பாயசம் அடுப்பு மேடையில் மூடி இருந்தது. திறந்தேன். வெல்லத்தின் நிறம் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. மிதந்த முந்திரி ஒன்றை எடுத்து உடைத்தேன். வெளியெல்லாம் ஊதா, உள்ளே வெள்ளை. எலிக்கு மருந்து தடவி வைத்த பருப்பு மாதிரி இருந்தது.

விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"ஐயோ, துப்புக்கா! துப்பு!"

துப்பினேன். தித்திப்புப் போய்விட்டது, சென்ட் போகவில்லை. கல்யாண மண்டபத்துக் கைகழுவும் இடத்தில் வைக்கிற சோப்பை நக்கினது போல இருந்தது. மேல் அண்ணத்தில் ஒரு தகடு ஒட்டிக்கொண்டது. நாக்கால் சுரண்டச் சுரண்ட, அது நகர்ந்ததே தவிர வரவில்லை.

"சாப்பிட்டா என்னடி ஆகும்?"

"தெரியல. சாப்பிடக் கூடாதுன்னு பாட்டில்ல போட்டிருக்கு."

"செத்துப் போயிடுவாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் மெழுகுவத்திதான் செய்யறேன், அதைத் தின்னு பாக்கல. கொட்டுக்கா. அப்படியே வாசல் சாக்கடையில கொட்டு. நான் ஓடிப் போயி பால், சேமியா, நெய் வாங்கிட்டு வரேன். பத்து நிமிஷத்துல சேமியா பாயசம் வச்சிடலாம்."

"நீ நகத்தை வெட்டிட்டுத்தான் என் அடுப்படிக்குள்ள வரணும்."

"வெட்டுறேன். விரலையே வேணும்னாலும் வெட்டுறேன். நீ முதல்ல கொட்டு."

குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் பாயசப் பாத்திரத்தைத் தூக்கினேன். அப்போது போன் அடித்தது.

"அம்மா, பாலம் தாண்டிட்டோம். டிராபிக்கே இல்ல. அஞ்சு நிமிஷம்."

"இவ்வளவு சீக்கிரமாவாடா?"

"அத்தைதான் அவசரப்படுத்துறாங்க. மாத்திரை போட்டுட்டாங்களாம். அரை மணிக்குள்ள சாப்பிடணுமாம். இலை போட்டு வை."

பாத்திரத்தைக் கீழே வைத்தேன். அந்த ஐந்து நிமிஷத்தில் நான் செய்ததை எழுதியே ஆக வேண்டும். ஒரு ஜல்லிக் கரண்டியை எடுத்து, பாயசத்திலிருந்து முந்திரியையும் திராட்சையையும் ஒன்றுவிடாமல் அரித்து எடுத்தேன். கழுவும் தொட்டியில் போட்டேன். மேலே படிந்திருந்த மெழுகாடையைக் கரண்டியால் ஒதுக்கி எடுத்தேன். பாலாடை எடுப்பது போலத்தான், ஆனால் பாலாடை விரலில் இப்படி வழுவழுவென்று ஒட்டாது. பிறகு இரண்டு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி. மோந்து பார்த்தேன். இன்னும் இரண்டு சிட்டிகை.

பாயசம் இல்லாமல் இலை போட்டிருக்கலாமே என்று ராணி பிறகு கேட்டாள். வருஷத் தெவசத்துக்குப் பாயசம் இல்லாத இலையா? அண்ணி அதை ஒரு முடியைவிட உயரமாகத் தூக்கிப் பிடிப்பார்.

கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"வாங்க அண்ணி, வாங்க. மழையில நனைஞ்சிட்டீங்களா?"

"நனையறதுக்கு நான் என்ன உப்பா, கரைஞ்சு போக? தம்பி படம் எங்க மாட்டியிருக்க? ஆங்… இந்தப் படமா? இதுல கன்னம் ஒட்டிப் போயிருக்கே. வேற நல்ல படம் கிடைக்கலயா உனக்கு?"

"அவருக்குப் பிடிச்ச படம் அண்ணி."

"அவனுக்கு என்ன தெரியும்?" முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டார். சிந்திய முந்தானையாலேயே முகத்தையும் துடைத்தார். "என்ன வாசனை வீட்டுக்குள்ள? சென்ட் போட்டிருக்கியா என்ன?"

"ஊதுவத்தி அண்ணி."

"ஊதுவத்தி இப்படியா மணக்கும்? சரி, இலையைப் போடு. மாத்திரை உள்ள போயி குடலைப் பிறாண்டுது."

இலை போட்டேன். அண்ணிக்கும் மாதவனுக்கும். பொரியல், வாழைக்காய் வறுவல், கீரை, வடை, சாம்பார். அண்ணி ஒவ்வொன்றையும் விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். கீரையை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார். நான் நின்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்குற? ஒண்ணும் இல்ல, முடி இல்ல" என்று சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு. உப்பு ஒரு கல்லு தூக்கல்."

"நெய் போடலயாம்மா?" என்றான் மாதவன்.

"சித்தி வாங்கப் போயிருக்கா."

"நெய் வேண்டாம் எனக்கு. பாயசம் கொண்டா" என்றார் அண்ணி. "பாசிப்பருப்புதானே? என் அம்மா வைக்கிற பாயசம். அவனுக்கு உசுரு."

கொண்டுபோனேன். இரண்டு கரண்டி அவர் இலையில் ஊற்றினேன். அது சோற்றோரமாக ஓடி வடையில் போய் நின்றது. மாதவன் இலையைத் தாண்டி நடந்தேன்.

"அவனுக்கு?"

"அவனுக்குச் சர்க்கரை அண்ணி."

"எனக்கா?" என்றான் மாதவன்.

"பார்டர்ல இருக்குன்னு தில்லை நகர் டாக்டர் சொன்னாருல்ல. மறந்துட்டியா?"

அவன் என்னைப் பார்த்தான். அவனுக்குச் சர்க்கரையும் இல்லை, தில்லை நகரில் டாக்டரும் இல்லை. ஆனால் பதினோரு வருஷமாக அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் வாழ்ந்து பழகியவன். தலையைக் குனிந்து சாம்பார் சோற்றைப் பிசைந்தான்.

அண்ணி உள்ளங்கையைக் குழித்துப் பாயசத்தை வழித்தார். முழங்கை வரை ஒழுகியது. அதை நக்கினார். உறிஞ்சினார். பல்செட்டு உள்ளே 'டக் டக்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க என் அண்ணத்தில் ஒட்டியிருந்த தகடு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"என்ன போட்டிருக்க இதுல? மணக்குதே!"

"ஏலக்காய்."

"முந்திரி எங்க? முந்திரிக்குக் கூடவா பஞ்சம்?"

"மறந்துட்டேன் அண்ணி."

"மறப்ப, மறப்ப. இன்னும் ஒரு கரண்டி ஊத்து."

ஊற்றினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பல்செட்டின் ஈறோரம் மெல்லிய ஊதாக் கோடு ஓடியது. உதட்டு மடிப்பில் எண்ணெய் மினுமினுப்பு. நான் அடுப்படிக்குள் போனேன்.

பின்வாசல் வழியாக ராணி வந்திருந்தாள். குடையையும் மீறித் தலையெல்லாம் மழை. கையில் பால் பாக்கெட். அவள் என்னைப் பார்க்கவில்லை. கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே முந்திரிகள் ஊதாவாகக் குவிந்து கிடந்தன.

"கொட்டலயா நீ?"

"மெல்லப் பேசு."

"பொறுக்கி எடுத்திருக்க. ஒண்ணு ஒண்ணா உக்காந்து பொறுக்கி எடுத்திருக்க."

"அவங்க வந்துட்டாங்கடி. நான் என்ன செய்வேன்?"

"மாதவனுக்கு ஊத்துனியா?"

நான் முந்தானையால் வாயைத் துடைத்தேன்.

"ஊத்தல. தெரியும் எனக்கு. புள்ளைக்கு ஊத்த மாட்ட." பால் பாக்கெட்டை மேடையில் வைத்தாள். பிறகு அந்த மேடையையே தொட்டதற்காகக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், அந்தப் பத்து நிறக் கையை. "நான் செஞ்சது தப்பு. தெரியாம செஞ்சேன். என்னை நீ என்ன வேணா சொல்லு. ஆனா உன்னைப் பாக்கவே எனக்கு அருவருப்பா இருக்குக்கா."

"உன் கரண்டிதானடி—"

"கரண்டி உன்னோடது. இப்ப நீ போயி சொல்றியா, நான் சொல்லவா?"

"சொன்னா எழுந்து போயிடுவாங்க. திரும்ப வரமாட்டாங்க. அவரு வாசலைப் பாத்துக்கிட்டே செத்தாருடி."

"போகட்டும். நல்ல உடம்போட போகட்டும்."

"இந்த ஒரு இலை முடியட்டும். அப்புறம் மோர் குடுக்கறேன், எலுமிச்சைத் தண்ணி குடுக்கறேன்—"

"உவ்வே" என்றாள் ராணி. வாந்திக்கு இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் அண்ணி எதிரே நின்று வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணி பேச ஆரம்பித்துவிட்டார்.

"வா ராணி. எங்க போயிட்ட மழையில? உங்க அக்காகிட்ட ஒண்ணு சொல்லணும், நீயும் கேளு. மாதவா, நீயும் கேட்டுக்க. அன்னிக்குக் கூட்டுல கெடந்துச்சே, அந்த முடி. அது என்னோடதுதான்."

அண்ணி இலையில் மிச்சமிருந்த பாயசத்தை விரலால் அளைந்தார்.

"இலைக்கு முன்னாடி குனிஞ்சப்ப விழுந்ததை நானே பாத்தேன். அம்மா போன ஆத்திரம். வந்தவங்க எல்லாம் மருமகளைத்தான் மெச்சுனாங்க, மகளை ஒருத்தரும் கேக்கல. அவளை நாலு பேரு முன்னாடி அசிங்கப்படுத்தணும்னு எடுத்துக் காட்டுனேன். அவ சொன்னது நெஜம்ங்கறதுனாலதான் எனக்கு அவ்வளவு கோபம். பதினோரு வருஷம். என் தம்பி போற வரைக்கும் வீம்பு புடிச்சிக்கிட்டு இருந்துட்டேன்."

அவர் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை, இடது கையைத் தரையில் ஊன்றியிருந்தார். வலது கை முழுக்கப் பாயசம். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"உக்காரு சுபா. எதிர்ல உக்காரு."

"பரிமாறணும் அண்ணி—"

"ராணி பரிமாறுவா. உக்காருன்னா உக்காரு."

உட்கார்ந்தேன். முட்டிகள் அவர் இலையைத் தொட்டன. ராணி நின்ற இடத்தில் நின்றாள். இப்போது சொல்வாள், இதோ சொல்லிவிடுவாள் என்று அவள் வாயையே பார்த்தேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணி வடைத் துண்டால் இலையைச் சுற்றி வழித்தார். மீதிப் பாயசத்தை விரல்களுக்குள் திரட்டினார். ஆறிப்போன பாயசம் சொட்டவில்லை. விரலிடுக்கில் வெளிர் ஊதாவாக, தோல் உரிந்தது போல, மெழுகு திரண்டு நின்றது. அவர் சுண்டுவிரலில் பாதி மென்ற கீரை ஒட்டியிருந்தது. கை என் முகத்துக்கு எதிரே வந்து நின்றது. ஏலக்காய்க்கு அடியிலிருந்து அந்தச் சோப்பு வாசனை எழுந்தது.

மாதவன் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். அவன் அத்தையின் பற்களைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என் கையால ஒரு வாய் வாங்கிக்க" என்றார் அண்ணி. "மனசுல ஒண்ணும் வச்சுக்காத. ம், வாயைத் திற."